சங்கத்து வண்டியும் ஊழியரின் வருமான வரியும்

(காரியதரிசிகள், நிர்வாகக் குழுவினர், ஊழியர்கள் ஆகியோருக்கு ஒரு பாடம்)

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் வருமான வரியைப்பற்றிப் பேச்செடுத்தால், அது வியாபாரிகளுக்கு உரிய விஷயம், நமக்கு அதனால் ஆவதென்ன என்று கேட்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. அவ்வாறு கேட்பதற்கு ஓரளவு காரணமும் உண்டு. குடிசைத் தொழில் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கும், அங்கத்தினர் விளைவித்த வேளாண்மைப் பொருளை விற்றுக் கொடுக்கும் சங்கத்துக்கும், அத்தொழிலில் கிடைக்கும் இலாபம் முழுவதையும் கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80பி பிரிவு இடம் கொடுத்தது.

ஆயினும், சங்கத்துக்குக் கிடைத்த விலக்கு சங்கத்தின் ஊழியருக்குக் கிடைத்த விலக்கு ஆகாது. சம்பளம் கொடுப்பவர் என்ற முறையில், ஊழியருடைய வருமானத்தைக் கணக்கிட்டு, வரி உண்டானால் அதனைச் சம்பளத்திலேயே பிடித்துச் செலுத்த வேண்டிய கடமை சங்கத்துக்கு உண்டு. அந்தக் கணக்கில் பெரும்பாலும் விட்டுப்போகும் இனம் ஒன்று உளது. அதுவே வண்டிச் செலவு. சங்கத்தின் மோட்டார் காரை உபயோகிக்கும் மானேஜருக்கும், தம் சொந்த ஸ்கூட்டரில் தறி தறியாகச் சென்று வரும் வெளிக்கள ஊழியருக்கும் இந்த இனத்தில் எவ்வளவு வரி ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லி வைக்கிறோம். இங்கே காட்டியுள்ள தொகைகள் யாவும் 2025-26 நிதியாண்டிற்கு உரியவை. அதாவது 2026 மார்ச் 31ஆம் நாளோடு முடியும் கணக்கிற்கு உரியவை. 2025ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்கு உரியது. ஆகவே பிந்திய ஆண்டுகளின் கணக்கைப் போடுவோர், அந்தந்த ஆண்டின் விதிகளில் கண்ட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொகைகளை எடுத்தாள வேண்டும். முறையைக் கற்றுக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஊழியர் தாமே கழிவு கோரலாமா?

வியாபாரி ஒருவர் தம் தொழிலுக்காகச் செலவிட்ட பெட்ரோலைத் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்கிறார். சம்பளம் பெறுவோரும் அவ்வாறே கழித்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு காலத்தில் அதற்கு இடம் இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் எழுதப்பட்டபோது, உத்தியோகத்திற்காகச் சொந்த வாகனம் வைத்திருப்பவருக்கு அதன் பராமரிப்புக்கும் தேய்மானத்துக்கும் கழிவு உண்டு என்று 16ஆம் பிரிவில் கண்டிருந்தது. ஒவ்வொருவருடைய செலவையும் தனித்தனியே பார்த்து முடிவு செய்யும் அந்த முறை 1974ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் எடுக்கப்பட்டு, எல்லாருக்கும் பொதுவான நிலைக்கழிவு ஏற்பட்டது. அந்த நிலைக்கழிவும் 2005ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, 2018ஆம் ஆண்டில் ரூ. 40,000 என்ற அளவில் மீண்டும் வந்தது; 2019இல் ரூ. 50,000 ஆயிற்று, 2024இல், புதிய வரிமுறையைப் பின்பற்றுவோருக்கு ரூ. 75,000 ஆக உயர்ந்தது.

இதன் விளைவு யாது? ஊழியர் தம் கையிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு சங்க வேலைக்குச் சென்று வந்தால், அச்செலவைத் தம் வருமான அறிக்கையில் தனியாகக் காட்டிக் கழிக்க வழியில்லை. நிலைக்கழிவுக்குள் அது அடங்கிவிட்டதாகவே கொள்ளப்படும். ஆகவே உத்தியோகப் பிரயாணச் செலவைச் சங்கத்தின் மூலமாகப் பெறுவதே முறை. சங்கம் அளிக்கும் பிரயாணப் படியை ஊழியர் உத்தியோக காரியத்திற்கே செலவிட்டால், செலவிட்ட அளவுக்கு அது வரிக்கு உட்படுவதில்லை. பழைய வரிமுறை, புதிய வரிமுறை ஆகிய இரண்டுக்கும் இது பொருந்தும். செலவழியாமல் மிஞ்சிய பகுதி மட்டும் சம்பளத்தோடு சேரும்.

2. சங்கத்தின் கார்: மூவகை உபயோகம்

சங்கத்துக்குச் சொந்தமான அல்லது சங்கம் வாடகைக்கு அமர்த்திய மோட்டார் காரை ஊழியர் உபயோகித்தால், அதனைச் சம்பளத்தோடு கிடைத்த ஒரு சலுகையாகச் சட்டம் கருதுகிறது. அச்சலுகைக்கு ஒரு மதிப்புப் போட்டு வருமானத்தில் சேர்க்க வேண்டும். மதிப்புப் போடும் வகை 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3ஆம் விதியில் சொல்லப்பட்டிருக்கிறது.

முதல் வகை: கார் முழுவதும் உத்தியோக காரியத்துக்கே ஓடுகிறது. சலுகை மதிப்பு ஏதும் இல்லை. ஆனால் இதற்குரிய ஆதாரங்கள் சங்கத்தில் இருக்க வேண்டும். அவை எவை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரண்டாம் வகை: கார் முழுவதும் ஊழியரின் சொந்தக் காரியத்துக்கே ஓடுகிறது. சங்கம் செய்த ஓட்டச் செலவு, பராமரிப்புச் செலவு, டிரைவர் சம்பளம் ஆகியவற்றோடு, காரின் அடக்க விலையில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் தேய்மானமும் கூட்ட வேண்டும். வாடகைக் காரானால் தேய்மானத்துக்குப் பதிலாக வாடகை. இத்தொகையிலிருந்து, ஊழியரிடம் சங்கம் வசூலித்த தொகையைக் கழித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை: கார் இரண்டு காரியங்களுக்கும் ஓடுகிறது. சங்கங்களில் மிகுதியாகக் காண்பது இதுவே. இங்கே மெய்யான செலவைப் பார்ப்பதில்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று விதியே ஒரு தொகையைக் கட்டிவிட்டது. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்த அத்தொகைகள் பின்வருமாறு:

எல்லாச் செலவையும் சங்கமே ஏற்றால்: இயந்திரக் கொள்ளளவு 1.6 லிட்டர் வரை உள்ள காருக்கு மாதம் ரூ. 1,800; அதற்கு மேற்பட்டதற்கு ரூ. 2,400.

சொந்த ஓட்டத்தின் செலவு முழுவதையும் ஊழியரே ஏற்றால்: 1.6 லிட்டர் வரை மாதம் ரூ. 600, அதற்கு மேல் ரூ. 900.

டிரைவரையும் சங்கம் கொடுத்தால்: மேற்கண்ட எதனோடும் மாதம் ரூ. 900 கூட்டுக.

மூன்றாம் வகையில் கவனிக்க வேண்டுவன இரண்டு. ஒன்று, சொந்த ஓட்டம் பத்துக் கிலோமீட்டரானாலும் ஆயிரம் கிலோமீட்டரானாலும் தொகை ஒன்றே. மற்றொன்று, ஊழியர் சங்கத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை கட்டி வந்தாலும் அதனை இங்கே கழிக்க இடமில்லை. இரண்டாம் வகையில் இருக்கும் கழிவு மூன்றாம் வகையில் இல்லை.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் சங்க வாகனத்தில் சென்று வருவது சலுகையாகாது என்று 17ஆம் பிரிவின் விளக்கமே கூறியிருக்கிறது. ஆதலால் காலையில் அழைத்து வந்து மாலையில் கொண்டு விடுவதால் மட்டும் கார் மூன்றாம் வகைக்குப் போய்விடாது.

3. யாரைத் தொடும்?

எல்லா ஊழியரையும் இது தொடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சங்கத்துக் காரை உபயோகிப்பதாகிய சலுகை, குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சம்பளம் பெறுவோருக்கே வரிக்குரியதாகும். ஆண்டுக்கு ரூ. 50,000 என்று நெடுநாள் இருந்த அந்த வரம்பு 2025 ஆகஸ்டு மாதத்தில் ரூ. 4,00,000 ஆக உயர்த்தப்பட்டது. மேலும், புதிய வரிமுறையில் 2025-26ஆம் ஆண்டில் வரிக்குரிய வருமானம் ரூ. 12,00,000 வரை உள்ளவருக்குத் தள்ளுபடியின் காரணமாக வரி இல்லை. சிறு சங்கங்களின் ஊழியர் பலர் இவ்வளவில் விடுபடுவர்.

ஆனால் பெரிய சங்கங்களிலும் மத்திய சங்கங்களிலும் உயர்ந்த சம்பளம் பெறுவோர் உளர். பன்னிரண்டு இலட்சம் என்ற அந்த வரம்பை ஒட்டி நிற்பவரே மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர். ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம்.

4. ஓர் உதாரணம்

மானேஜர் ஒருவர் புதிய வரிமுறையைப் பின்பற்றுகிறார். நிலைக்கழிவு போக அவருடைய வரிக்குரிய சம்பள வருமானம் ரூ. 11,90,000. வேறு வருமானம் இல்லை. 1.6 லிட்டருக்கு உட்பட்ட காரையும் டிரைவரையும் சங்கம் கொடுத்திருக்கிறது.

(அ) கார் முழுவதும் சங்க காரியத்துக்கே ஓடுகிறது, ஆதாரங்களும் உள்ளன. சலுகை மதிப்பு இல்லை. வருமானம் ரூ. 11,90,000. வரி இல்லை.

(ஆ) ஆண்டு முழுவதும் மாதந்தோறும் சொந்தக் காரியத்துக்கும் கார் போகிறது. எல்லாச் செலவும் சங்கத்துடையது. மாதம் ரூ. 1,800உம் 900உம் சேர்ந்து 2,700. பன்னிரண்டு மாதத்துக்கு ரூ. 32,400. வருமானம் ரூ. 12,22,400 ஆகிறது. வரம்பைத் தாண்டியவர் தாண்டிய தொகைக்கு மேல் வரி கொடுக்க வேண்டியதில்லை என்ற சலுகை உண்டாகையால், வரி ரூ. 22,400. நூற்றுக்கு நான்கு வீதம் கூடுதல் தீர்வை ரூ. 896. மொத்தம் ரூ. 23,296.

(இ) அதே கார், அதே ஓட்டம். ஆனால் சொந்த ஓட்டத்துக்கான பெட்ரோலையும் பராமரிப்புப் பங்கையும் முழுவதும் மானேஜரே கொடுத்துவிடுகிறார். மாதம் ரூ. 600உம் 900உம் சேர்ந்து 1,500, ஆண்டுக்கு ரூ. 18,000. வருமானம் ரூ. 12,08,000. வரி ரூ. 8,000, தீர்வை ரூ. 320, மொத்தம் ரூ. 8,320.

(ஈ) மானேஜர் மாதம் ரூ. 1,000 வீதம் சங்கத்துக்குக் கட்டுகிறார்; பெட்ரோலும் பராமரிப்பும் சங்கக் கணக்கிலேயே நடக்கின்றன. ஆண்டுக்கு ரூ. 12,000 கட்டியும் அவருடைய வரி (ஆ)வில் கண்ட ரூ. 23,296 தான்.

(இ), (ஈ) இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட எந்த வகையில் கொடுத்தார் என்பதே வரியை நிர்ணயிக்கிறது. சொந்த ஓட்டத்தின் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டு, அதற்கு ரசீது வைத்திருப்பவருக்கே குறைந்த தொகை கிடைக்கும். ஒரு பகுதியைக் கட்டுபவருக்குக் கிடையாது.

(அ)வையும் (ஆ)வையும் ஒப்பிட்டால் இன்னொரு பாடம் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை குடும்பத்தாரோடு உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கோ கோயிலுக்கோ சென்று வரச் சங்கத்துக் காரை எடுப்பவர், வாடகைக் கார் அமர்த்திக்கொண்டால் தமக்கும் மிச்சம், சங்கத்துக்கும் மிச்சம். பெட்ரோலுக்குச் சங்கம் கொடுக்கும் பணம் நெசவாளரின் கூலியிலும் குடியானவரின் விளைச்சலிலும் இருந்து வந்த பணம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

5. சொந்த ஸ்கூட்டரும் சங்கத்துப் பெட்ரோலும்

சொந்த இருசக்கர வண்டியைச் சங்க வேலைக்கு ஓட்டி, அதன் செலவைச் சங்கத்தில் பெற்றுக்கொள்ளும் ஊழியர் பலர். முழுவதும் உத்தியோக ஓட்டமானால், தக்க ஆதாரத்தின் பேரில், பெற்ற தொகை வரிக்கு உட்படாது. இரு காரியங்களுக்கும் ஓடினால், பெற்ற தொகையில் மாதம் ரூ. 900 கழித்து மீதியை வருமானத்தில் சேர்க்க வேண்டும். சொந்த மோட்டார் காரானால் கழிக்கும் தொகை ரூ. 1,800 அல்லது ரூ. 2,400, டிரைவர் இருந்தால் மேலும் ரூ. 900.

வெளிக்கள ஊழியர் ஒருவருடைய ஸ்கூட்டர்ச் செலவுக்காகச் சங்கம் மாதம் ரூ. 2,500 கொடுக்கிறது என்று கொள்வோம். ஆதாரம் ஏதும் இல்லையானால் கழிவு ரூ. 900, மீதி ரூ. 1,600, ஆண்டுக்கு ரூ. 19,200 வருமானத்தில் ஏறும்.

இங்கேதான் விதி ஒரு நல்ல வழியைத் திறந்து வைத்திருக்கிறது. உத்தியோக ஓட்டத்துக்கான மெய்யான செலவு ரூ. 900க்கு மேற்பட்டது என்று ஆதாரத்துடன் காட்டினால், அந்த மேற்பட்ட தொகையையே கழித்துக்கொள்ளலாம். வண்டி மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடியது. அதில் 760 கிலோமீட்டர் சங்க காரியம் என்று குறிப்பேடு காட்டுகிறது. ரூ. 2,500இல் அதற்குரிய பங்கு ரூ. 1,900. மீதி ரூ. 600; ஆண்டுக்கு ரூ. 7,200 தான் வருமானத்தில் சேரும். குறிப்பேடு எழுதியதால் குறைந்த வரிக்குரிய தொகை ரூ. 12,000.

6. இரண்டு ஆதாரங்கள்

மேலே ஆதாரம் என்று பலமுறை கூறினோம். விதி கேட்பவை இரண்டே. முதலாவது, உத்தியோகப் பிரயாணங்களின் முழு விவரத்தையும் சங்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். நாள், சென்ற இடம், தூரம், செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, அச்செலவு முழுவதும் உத்தியோகக் கடமைக்காகவே செய்யப்பட்டது என்று சங்கம் ஒரு சான்று அளிக்க வேண்டும். ஊழியர் தம் வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு மட்டும் போதாது.

பயணக் குறிப்பேட்டுக்கு, லாக் புத்தகம் என்று நாம் வழங்குவதற்கு, எட்டுப் பத்திகள் போதும்: நாள்; புறப்பட்ட இடமும் சென்ற இடமும்; காரியம்; புறப்படும்போது மீட்டர் எண்; திரும்பும்போது மீட்டர் எண்; ஓடிய தூரம்; பெட்ரோலும் பிற செலவும், வவுச்சர் எண்ணுடன்; சென்றவர் கையொப்பம். ஒரு மாதிரிப் பதிவு:

"7ஆம் தேதி. சங்கம் – திருச்செங்கோடு – சங்கம். நூல் பேல்கள் பெற்று வருதல். மீட்டர் 41,206 – 41,258. தூரம் 52 கி.மீ. பெட்ரோல் 4 லிட்டர், வவுச்சர் 118. கையொப்பம்."

"காரியம்" என்ற பத்தியில் "சங்க வேலை" என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. நூல் பெற்றுவரச் சென்றதா, சேலைகளை ஒப்படைக்கச் சென்றதா, நெல் கொள்முதல் நிலையத்தைப் பார்வையிடச் சென்றதா என்பது தெரிய வேண்டும். நூல் இருப்புப் புத்தகத்திலும் சரக்கு வரவுப் புத்தகத்திலும் அதே நாளில் அதே காரியம் பதிந்திருக்குமானால், ஒன்றுக்கொன்று சாட்சியாகும்.

நாம் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் சில குறிப்பேடுகளைப் பார்த்ததும் அவற்றின் குறை தெரிந்துவிடும். ஆறு மாதப் பதிவுகளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே அமர்வில் எழுதப்பட்டிருக்கும். தூரம் எல்லாம் 50, 100 என்று முழு எண்களாகவே இருக்கும். விடுமுறை நாளில் அலுவலகம் சென்றதாகப் பதிவு இருக்கும். பாவில் அறுந்த இழையை அன்றே பிணைத்தால் துணியில் குறை தெரியாது. துணி மடித்தபின் பிணைக்க இயலாது. பயணக் குறிப்பும் அன்றன்று எழுதினாலன்றிப் பயன்படாது.

மாத முடிவில் காரியதரிசி ஒரு சிறு சோதனை செய்ய வேண்டும். மாதத் தொடக்கத்தில் மீட்டர் 41,000, முடிவில் 42,200. ஓடியது 1,200 கி.மீ. வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுவதானால் 80 லிட்டர் பெட்ரோல் செலவாகியிருக்க வேண்டும். வவுச்சர்களும் 80 லிட்டர் காட்டினால் அது பொருந்துகிறது. குறிப்பேட்டில் உத்தியோக ஓட்டம் 900 கி.மீ. என்றிருந்தால், மீதி 300 கி.மீ. சொந்த ஓட்டமா, எழுத விட்டுப்போனதா என்று அம்மாதமே விசாரித்துத் தெளிய வேண்டும்.

ஆண்டு முடிவில் கொடுக்கும் சான்று இவ்வாறு இருக்கலாம்: "நமது சங்கத்தின் ஊழியர் இன்னார், இன்ன ஆண்டில் வாகனத்தை உபயோகித்த வகையில் குறிப்பேட்டின் இத்தனாம் பக்கம் முதல் இத்தனாம் பக்கம் வரை கண்ட செலவு ரூ. ____ முழுவதும் உத்தியோகக் கடமையை நிறைவேற்றுவதற்காக மட்டுமே செய்யப்பட்டது என்று சான்றளிக்கிறோம்." மேற்கண்ட சோதனையைப் பன்னிரண்டு மாதமும் செய்தவரே இதில் மனத்தயக்கமின்றிக் கையொப்பமிட இயலும். உண்மையல்லாத சான்றில் கையொப்பமிடுவது ஊழியருக்குச் செய்யும் உபகாரமன்று.

7. சங்கத்தின் பொறுப்பு

சலுகை மதிப்பைச் சேர்க்காமல் விட்டு, பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காமல் போனால், கடமை தவறியவராகக் கருதப்படுவது சங்கமே. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, பிடிக்காத வரிக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வீதமும், பிடித்தும் செலுத்தாத வரிக்கு ஒன்றரை வீதமும் வட்டி ஏறும். அந்த வட்டி சங்க நிதியிலிருந்து போகும். சங்க நிதியிலிருந்து போவது அங்கத்தினரின் போனசிலும் பங்கு ஈவிலும் குறையும். ஒருவர் எழுதாத குறிப்புக்கு, காரில் ஒருநாளும் ஏறாத நெசவாளர் வட்டி கட்டுவது நியாயமாகுமா?

ஆகவே ஒவ்வொரு நிர்வாகக் குழுவும், சங்க வாகனம் சொந்தக் காரியத்துக்குக் கொடுக்கப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானமாக எழுதி வைத்தல் நன்று. கொடுப்பதானால், அந்த ஓட்டத்தின் செலவு முழுவதையும் ஊழியரே ஏற்க வேண்டும் என்றும், அதற்கு மாதாமாதம் ரசீது போட வேண்டும் என்றும் அத்தீர்மானத்திலேயே சேர்த்துவிடலாம். கொடுப்பதில்லை என்றால், அத்தீர்மானமும் குறிப்பேடும் சேர்ந்து ஊழியரைக் காக்கும்.

படிப்புக் குழுவுக்கு வினாக்கள்

1. கொள்ளளவு 1.8 லிட்டர் உள்ள சங்கக் கார், டிரைவர் இல்லை, எல்லாச் செலவும் சங்கத்துடையது, ஆண்டு முழுவதும் இரு காரியங்களுக்கும் ஓடுகிறது. சலுகை மதிப்பு என்ன?

2. அதே காரின் சொந்த ஓட்டச் செலவு முழுவதையும் ஊழியரே ஏற்றால் எவ்வளவு?

3. சொந்த ஸ்கூட்டருக்காகச் சங்கம் மாதம் ரூ. 800 கொடுக்கிறது, இரு காரியங்களுக்கும் ஓடுகிறது. வருமானத்தில் சேருவது எவ்வளவு?

4. உங்கள் சங்கத்தின் பயணக் குறிப்பேட்டில் சென்ற மாதப் பதிவுகளை எடுத்து, மீட்டர், பெட்ரோல், வவுச்சர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

விடைகள்: (1) ரூ. 28,800. (2) ரூ. 10,800. (3) ஏதும் இல்லை, மாதம் ரூ. 900 வரை கழிவு உண்டு. (4) நான்காம் வினாவின் விடை உங்கள் சங்கத்திலேயே இருக்கிறது.